விதவை, தரகு, 300 பவுண்ட்: ஒரு 1816 லண்டன் நாவலைக் கட்டி முடிச்ச அனுபவம்

ஆன்லைன்ல தொடரா எழுதின நாவல் ஒரு வழியா முடிஞ்சு 50 காப்பி பிரிண்டும் வீட்டுக்கு வந்தாச்சு. டெம்மி சைஸ், 320 பக்கம், கிட்டத்தட்ட 66,000 வார்த்தை. "எப்படி எழுதினீங்க"ன்னு கேக்கிறவங்களுக்கு தனித்தனியா பதில் போட்டு மாளல, அதனால வரிசையா இங்கேயே எழுதிடறேன். கேரக்டரா வாழணும், உள்ளுணர்வைக் கேக்கணும்னு நிறைய அட்வைஸ் கிடைச்சுது, எனக்கு அது எதுவும் வேலைக்கு ஆகல. எனக்கு உதவினது ஒரு எக்ஸெல் ஷீட், யூஸ் பண்ணாம கிடந்த ஒரு ஓசி டைரி, நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, அவ்வளவுதான். நான் அக்கவுன்ட்ஸ் பாக்கிற ஆளு, எனக்கு வர்றதை வெச்சுதானே செய்ய முடியும்.

கதை இதுதான். ஹெஸ்டர், 29 வயசு, புருஷன் படையில அதிகாரி, போர்ல செத்துட்டான். புருஷனோட அண்ணன் பெரிய எஸ்டேட்காரர், அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. "நீ சும்மாதானே இருக்கே, லண்டன் சீசனுக்கு இதுங்களைக் கூட்டிட்டுப் போய் நல்ல இடமா பார்த்து முடிச்சு விடு"ங்கிறார். சீசன்னா பெரிய வீட்டுக்காரங்க லண்டன்ல கூடி விருந்து, டான்ஸ்னு வரன் பாக்கிற மாசங்கள். அவளுக்கு சுத்தமா இஷ்டம் இல்ல. ஆனா செய்ய வேண்டியிருக்கு, செய்யச் செய்ய அவ வேண்டாம்னு ஒதுக்கின ஜோடிங்கதான் போய் ஒட்டிக்குது, நடுவுல அவளுக்கே ஒருத்தன் மேல மனசு போகுது.

ஏன் லண்டன், நம்மூர்ல விதவையே இல்லையான்னு தொடர் ஓடும்போதே கேட்டாங்க. அதே 1816ல நம்மூர் மேல்சாதி வீட்டு விதவை கல்யாணக் கூடத்துல முன்னாடி வந்து நிக்கவே முடியாது, அவ எங்க தரகு பாக்கிறது. மறுமணச் சட்டமே 1856லதான் வருது. லண்டன்ல அந்த வர்க்கத்து விதவைக்கு நிலைமை நேர் எதிர், கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு துணையா கூட வர்றதுக்கு அவதான் சரியான ஆளு. அதுக்கும் மேல, சட்டப்படி அவ தனி ஆள், ஒப்பந்தத்துல கையெழுத்து போடலாம், வழக்கு போடலாம், காசை கையில வெச்சுக்கலாம். புருஷன் உயிரோட இருக்கிறவளுக்கு இதுல ஒண்ணுமே கிடையாது. இந்த முரண்ல எனக்கு ஒரு கதை தெரிஞ்சுது, இறங்கிட்டேன்.

முதல் வேலை தேதி. ஆரம்பத்துல புருஷனை வாட்டர்லூல சாகடிச்சேன், எல்லாருக்கும் தெரிஞ்ச போர், 1815 ஜூன் 18. முதல் எபில (எபிசோடுல) ஹெஸ்டர் 1816 ஏப்ரல்ல ஒரு பால் டான்ஸுக்கு லாவண்டர் கலர் கவுன்ல வந்து நிக்கிறா. நாலு எபி தாண்டினப்புறம்தான் உறைச்சுது, விதவை துக்கம் வழக்கப்படி ஒரு வருஷமும் ஒரு நாளும், அது முடியற வரைக்கும் பளபளப்பு இல்லாத கறுப்புத்தான், பாம்பசின் துணியும் மேல கிரேப்பும். சாம்பல் கலரு, லாவண்டரு எல்லாம் அதுக்கப்புறம் வர்ற அரைத்துக்கத்துக்கு. ஏப்ரல் 1816ல பத்து மாசம்தான் ஆயிருக்கும், டான்ஸுக்கு அவ வந்திருக்கவே முடியாது, வந்தா ஊரே பேசும்.

சரின்னு போரை மாத்தினேன். தேடிப் பாத்தா துலூஸ் சண்டை, 1814 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. நெப்போலியன் அதுக்கு முன்னாடியே பாரிஸ் பக்கத்துல பதவியை விட்டாச்சு, சேதி தெற்கே போய்ச் சேரல, சேதி வந்தது சண்டை முடிஞ்சப்புறம். அதாவது போர் முடிஞ்சப்புறம் நடந்த போர்ல அவன் சாகறான். வாட்டர்லூவை விட இது எவ்வளவோ மேல், ஹெஸ்டருக்கு அழுகையை விட ஒரு வெறுப்பு இருக்கும், அந்த வெறுப்புத்தான் அவளோட பேச்சு ஸ்டைலே ஆச்சு. தேதி சரி பண்ணப் போய் கேரக்டர் கிடைச்சுது.

கிழமை பாக்கிறதுக்கு ஒரு சுலபமான வழி. 1816க்கும் 2024க்கும் கிழமை அப்படியே ஒத்துப் போகும், ரெண்டுமே திங்கள்ல ஆரம்பிக்கிற லீப் வருஷம். அதே மாதிரி 1814க்கு 2022, 1815க்கு 2023, 1817க்கு 2025. வீட்டுல 2024 டைரி ஒண்ணு காலியா கிடந்துச்சு, அதுல மேலே 1816னு எழுதி ஒட்டிட்டு நேரா அதுலயே சீன் எழுத ஆரம்பிச்சேன். ஈஸ்டர் மட்டும் ஒத்துப் போகாது, அதைத் தனியா குறிச்சுக்கணும், 1816ல ஏப்ரல் 14.

அந்த டைரில சிவப்புப் பேனால ஊர் வம்பை எழுதினேன். 1816 வசந்தம் வம்புக்குன்னே பொறந்த சீசன். ஏப்ரல் 25 கவிஞர் பைரன் பொண்டாட்டியைப் பிரிஞ்சு நாட்டை விட்டே கிளம்பறார், மே 2 இளவரசி சார்லட் கல்யாணம், மே 16 ஃபேஷன் மன்னன் பிரம்மெல் கடன் தாங்காம ராத்திரியோட ராத்திரியா பிரான்ஸ்ல கலே பக்கம் ஓடறார். மூணே வாரம்! ரெண்டு பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை பாக்கிற விதவைக்கு இதை விட நல்ல பேச்சுத் துணை வேணுமா, புதன்கிழமை ஆல்மாக்ஸ்ங்கிற டான்ஸ் கூடத்துல டீயும் லெமனேடும் வெண்ணெய் தடவின ரொட்டியும் வெச்சுக்கிட்டு இதைத்தானே பேசியிருப்பாங்க.

அடுத்தது ஹீரோ. முதல்ல ஹீரோ புருஷனோட தம்பி. நம்ம பக்கத்துக் கதைகள்ல கொழுந்தன் கட்டிக்கிறது சென்டிமென்ட்டா நல்லா ஓடும், வாசகர்களும் அந்த ஜோடியைத்தான் கேட்டாங்க. ஆனா இங்கிலாந்து சர்ச் விதிப்படி செத்த புருஷனோட தம்பி தடை செஞ்ச உறவு. அந்தக் காலகட்டத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் பிடிக்காதவன் யாராவது சர்ச் கோர்ட்டுக்குப் போனா ரத்து ஆயிடும், பொறந்த குழந்தையும் முறை தவறின குழந்தை ஆயிடும். 1835க்கு அப்புறம் அடியோட செல்லாது, அனுமதிச்சது 1921லதான். சித்தப்பா பெரியப்பா பையன் எல்லாம் ஓகே, ஆனா கூடப்பொறந்த தம்பி கூடாது. நமக்கு இது தலைகீழா தெரியும், ஆனா கதை அங்க நடக்குது. தம்பியைத் தூக்கினேன். அவனோட எட்டு எபியும் அதோட போச்சு.

இங்கதான் கதை நின்னு போச்சு, கொஞ்ச நாள் இல்ல, நிறைய நாள். யூடி (அப்டேட், அடுத்த எபி) எப்போன்னு கேட்டு கேட்டு வாசகர்களே ஓஞ்சு போனாங்க. ஹீரோ இல்லாதது கூட பெருசில்ல. "இவ ஏன் வேணாம் வேணாம்ங்கிறா, சும்மா வீம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. அதுக்குப் பதில் எங்கிட்டயே இல்ல. நான் அவளோட சோகத்தை காரணமா வெச்சிருந்தேன். சோகம் ரெண்டு எபி தாங்கும், 40 எபி தாங்காது.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வேலை மாதிரி உக்காந்து ஹெஸ்டரோட வரவு செலவைப் போட்டேன். எக்ஸெல்ல பவுண்ட், ஷில்லிங், பென்ஸ் தனித்தனி காலம் (column) போட்டா கூட்டல் நாறிடும், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், நம்ம தாத்தா காலத்து ரூபா அணா பை மாதிரி. அதனால எல்லாத்தையும் பென்ஸாவே மாத்தி ஒரே காலத்துல வெச்சேன், ஒரு பவுண்டுக்கு 240. காட்டறதுக்கு மட்டும் 240ஆல வகுத்து முழு எண் பவுண்ட், மிச்சத்தை 12ஆல வகுத்தா ஷில்லிங், அதுலயும் மிச்சம் பென்ஸ்.

வரவு: புருஷன் வீட்டு எஸ்டேட்ல இருந்து வருஷத்துக்கு 300 பவுண்ட், விதவையா இருக்கிற வரைக்கும் மட்டும். இந்த நிபந்தனை நான் சும்மா கற்பனையா சேர்த்தது இல்ல, அந்தக் கால உயில்கள்ல சாதாரணமா இருக்கிறது. மறுமணம் பண்ணினா அன்னிக்கே நின்னுடும்.

இதுல வருமான வரி. போர்ச் செலவுக்காக, வருஷ வருமானம் 150 பவுண்டுக்கு மேல இருந்தா மொத்தத்துக்கும் 10 சதவீதம், அதுவும் கொடுக்கிறவங்களே பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாங்க. ஆக கைக்கு 270. செலவு: வாடகை 70, ரெண்டு வேலைக்காரப் பொண்ணுங்க சம்பளம் 24, சாப்பாடு டீ எல்லாம் சேர்த்து 90, நிலக்கரி மெழுகுவத்தி 30, துணிமணி 40, தபால், வண்டிக் கூலி 16. கூட்டினா 270. வேணும்னே நான் அப்படி அமைச்சதுதான், ஒரு பென்னி மிச்சம் இல்ல. ஆம்பளை வேலைக்காரன் வெச்சா அதுக்குத் தனி வரி, அதனால அவ வீட்டுக் கதவை வேலைக்காரப் பொண்ணுதான் திறக்கணும். டீத்தூளுக்கு கிட்டத்தட்ட அதோட விலை அளவுக்கே வரி, அதனால டீ டப்பாவுக்குப் பூட்டு, சாவி ஹெஸ்டர் இடுப்புல. இந்த ரெண்டு விஷயத்தையும் முதல் அத்தியாயத்துல வெச்சவுடனே அவ யாருன்னு நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு.

இப்ப கதை தானா நகருது பாருங்க. மிச்சமே இல்லாத பட்ஜெட், அந்த நேரத்துல புருஷனோட அண்ணன் வந்து "சீசன் முழுக்க என் டவுன் வீட்டுல இரு, வாடகை மிச்சம், பொண்ணுங்களை மட்டும் பாத்துக்க"ங்கிறார். பிப்ரவரில ஒத்துக்கிறா. மார்ச் மாசம் பார்லிமென்ட் வருமான வரியையே எடுத்து விட்டுடுது, நிஜமா நடந்தது, 1816 மார்ச். அவளுக்கு வருஷத்துக்கு 30 பவுண்ட் திரும்பி வருது, அவர் தயவே தேவையில்ல. ஆனா வாக்கு குடுத்தாச்சு, பொண்ணுங்க பெட்டியோட வந்து இறங்கியாச்சு. அந்த சீன் எழுதும்போது நானே தனியா சிரிச்சேன். எரிச்சலோட ஆரம்பிக்கிற தரகு வேலைன்னா இதுதான்.

ஹீரோவும் இந்த ஷீட்லயே கிடைச்சான். அந்த 300 பவுண்டை யாராவது கொண்டு வந்து குடுக்கணும்ல? காலாண்டு நாள் நாலு: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. வாடகை, சம்பளம், வருஷத் தொகை எல்லாம் அந்த நாள் கணக்குலதான். அதனால புருஷனோட நண்பன், எஸ்டேட் பணத்துக்கு டிரஸ்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து கையெழுத்து வாங்கிட்டுப் பணம் குடுக்கிறான். வரி இருக்கும்போது 67 பவுண்ட் 10 ஷில்லிங், வரி போனப்புறம் 75. இவன் மேலதான் அவளுக்கு மனசு போகுது, இவனைக் கட்டிக்கிட்டா இவனே கொண்டு வர்ற பணம் நின்னுடும், அதை நிறுத்திக் கையெழுத்துப் போட வேண்டியதும் இவன்தான். எங்க சந்திக்க வைக்கிறது, என்ன காரணம் சொல்றதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்ட எல்லாம் காலாண்டு நாளே பாத்துக்கிச்சு. டிசம்பர் 25ம் காலாண்டு நாள்ல ஒண்ணு, கிறிஸ்துமஸ் அன்னிக்கு பணம் எண்ணிக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருக்கிற எபிக்குத்தான் தொடர்லயே அதிக லைக்.

இதுக்கப்புறம் எழுத்து வேகமாப் போச்சு. தினம் ராத்திரி 9ல இருந்து 10.30 வரைக்கும், 700 வார்த்தை வந்தா நிறுத்திடுவேன்.

ஜூலை வந்ததும் ஒரு சிக்கல். ஹைட் பார்க் வெயில், புல் மேல விரிப்பு, ஸ்ட்ராபெர்ரி, சின்னவ படகுல இருந்து தண்ணில விழறான்னு ரொம்ப ரசிச்சு எழுதி வெச்சிருந்தேன். 1816ல கோடையே வரல. முந்தின வருஷம் ஏப்ரல்ல இந்தோனேசியால தம்போரா எரிமலை வெடிச்சு அந்தத் தூசு ஐரோப்பா முழுக்க வெயிலை மறைச்சு, ஜூலைலயும் மழையும் குளிரும். பயிர் அழுகி ரொட்டி விலை ஏறிடுச்சு. வருஷத்தை மாத்தினா வரியும் வம்பும் போயிடும், அதனால வெயிலைத்தான் விடணும். பிக்னிக்கை தூக்கிட்டு எல்லாரையும் ஒரே வீட்டுக்குள்ள மழைக்கு அடைச்சேன், நனைஞ்ச நாய், புகையற கணப்பு, சீட்டாட்டம். ஒதுங்கிப் போக இடமில்லாததால மூத்தவளும், ஹெஸ்டர் வேண்டாம்னு லிஸ்ட்ல அடிச்சு வெச்ச பாதிரியார் பையனும் பேசியே ஆகணும்னு ஆச்சு, பிக்னிக்ல அது நடந்திருக்காது. செலவு ஷீட்டுலயும் சாப்பாட்டுக் கணக்கை ஏத்தினேன், 30 பவுண்ட் சந்தோஷம் அதுல பாதி கரைஞ்சுது.

சின்னவ ஓடிப்போற எபிசோடுக்கு வாசகர்கள் ரொம்ப எதிர்பார்ப்போட இருந்தாங்க. 21 வயசுக்குக் கீழ, லைசென்ஸ்ல கட்டணும்னா அப்பா சம்மதம் வேணும், சர்ச்ல மூணு ஞாயிறு அறிவிச்சுக் கட்டலாம்னா அப்பா எந்திரிச்சு ஆட்சேபம் சொன்னா அதுவும் போச்சு, அதனால அப்பா சம்மதம் கேக்காத ஸ்காட்லாந்துக்கு, எல்லைல இருக்கிற கிரெட்னா கிரீனுக்கு ஓடணும். ஹெஸ்டர் வண்டி பிடிச்சு துரத்தறா. லண்டன்ல இருந்து சுமார் 320 மைல். ரெண்டு குதிரை வாடகை வண்டி மைலுக்கு ஒண்ணரை ஷில்லிங் பக்கம், அப்ப 480 ஷில்லிங், 24 பவுண்ட், இது போக சுங்கச் சாவடி, வண்டிக்காரன் காசு. கால் வருஷப் பணத்துல மூணுல ஒரு பங்கு ஒரே பயணத்துல! மணிக்கு 8 மைல்னு வெச்சாலும் நிக்காம 40 மணி நேரம். அவ போக மாட்டா. நான் அவளை நல்லா தெரிஞ்சுக்கிட்ட இடம் அது. பையன் கிட்ட எவ்வளவு காசு இருக்கும்னு கணக்குப் போட்டு, "நாலாவது தடவை குதிரை மாத்துற இடத்துலயே தீந்துடும்"னு சொல்லிட்டு டீயை ஊத்திக்கிட்டு உக்காந்துடறா. சாயங்காலம் சின்னவ திரும்பி வந்துடறா, வண்டிக் கூலி குடுக்க ஹெஸ்டர் கிட்டயே காசு கேட்டுக்கிட்டு. துரத்தல் சீனுக்கு ஆசைப்பட்டவங்க கொஞ்சம் பேர் கோச்சுக்கிட்டாங்க. கோச்சுக்கட்டும்.

லெட்டர்லயும் இதே கதை. அப்ப தபால் காசை லெட்டரை வாங்கறவங்கதான் குடுக்கணும், தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏத்த மாதிரி. பாத் நகரத்துல இருந்து லண்டனுக்கு ஒரு தாள் 9 பென்ஸ், ரெண்டு தாள்னா ரெட்டிப்பு, கவர்னு தனியா போட்டா அதுவும் ஒரு தாள். எங்க ஹீரோ ஆறு பக்கம் கவித்துவமா எழுதித் தள்ளியிருந்தான். அதை ஒரே தாள் ஆக்கினேன், எழுதி முடிச்சு தாளைத் திருப்பி குறுக்கால மேலயே எழுதறது அவங்க வழக்கம். 1,100 வார்த்தை லெட்டர் 300 ஆச்சு, நல்லாவும் ஆச்சு.

முடிவுல ஒரு கோடீஸ்வரன் வந்து காப்பாத்தற வேலையே வேண்டாம்னு இருந்தேன். கல்யாணம் ஆனா அவ பேர்ல இருக்கிற காசு புருஷனோடது, மனைவிக்கு தனிச் சொத்து உரிமை சட்டமா நல்லபடியா வர்றது 1870லயும் 1882லயும். ஆனா முன்னாடியே டிரஸ்ட் எழுதி அவ தனி உபயோகத்துக்குன்னு ஒதுக்கிட்டா சான்சரி கோர்ட் அதை மதிக்கும், வசதியான வீடுங்க அப்படித்தான் செஞ்சாங்க. அதனால கிளைமாக்ஸ்ல ஹீரோ மோதிரம் நீட்டல, பத்திரம் நீட்டறான். மூத்தவளோட மாமியார் குடுத்த "அன்பளிப்பு" 200 பவுண்டும் அதுல ஹெஸ்டர் பேர்லயே இருக்கு. தேதியை பென்சில்ல போட்டுப் பாத்தேன்: 1817 செப்டம்பர் 29 திங்கள், கடைசி 75 பவுண்டை வாங்கி உள்ள வெச்சுட்டு, அப்புறம்தான் அறிவிப்பு, அக்டோபர் 5, 12, 19 மூணு ஞாயிறு, 23 வியாழக்கிழமை காலைல கல்யாணம். முதல் டிராஃப்ட்ல சாயங்காலம் மெழுகுவத்தி வெளிச்சத்துல வெச்சிருந்தேன், அது செல்லாது, ஸ்பெஷல் லைசென்ஸ் இல்லாதவங்க காலை 8ல இருந்து 12க்குள்ளதான். நவம்பருக்குத் தள்ளவும் முடியாது, நவம்பர் 6 இளவரசி சார்லட் பிரசவத்துல இறந்து நாடே கறுப்பு உடுத்திச்சு.

பிரிண்ட் செலவு கேட்டவங்களுக்கு: அட்டை டிசைன் 3,500, புரூஃப் பக்கத்துக்கு 15 ரூபா வீதம் 4,800, பிரிண்ட் காப்பிக்கு 165 வீதம் 8,250. மொத்தம் 16,550 ரூபா. ஐஎஸ்பிஎன் இலவசம், லேஅவுட் நானே செஞ்சேன். சாம்பிள் காப்பில உள்பக்க மார்ஜின் 15 மில்லிமீட்டர் விட்டிருந்தேன், 320 பக்க பெர்ஃபெக்ட் பைண்டிங்ல வரியோட ஓரம் மடிப்புக்குள்ள போயிடுச்சு, 20 ஆக்கினதும் சரியாச்சு. அதனால பக்கம் கூடாம இருக்க எழுத்து அளவை 11.5ல இருந்து 11க்கு இறக்கினேன். கண்ணாடி போட்டவங்க திட்டறாங்க, நியாயம்தான்.

அடுத்த தடவை வரவு செலவு ஷீட்டைப் போட்டு முடிக்காம முதல் வரியே எழுத மாட்டேன், வானிலையையும் அன்னிக்கே பாத்துடுவேன். பொருள்களுக்கும் ஒரு லிஸ்ட் வேணும், ஏன்னா 14ஆம் அத்தியாயத்துல ஹெஸ்டர் தீக்குச்சி உரசி மெழுகுவத்தி ஏத்தறா, உரசுற தீக்குச்சி கடைக்கு வந்ததே 1827ல. புரூஃப் பாத்தவங்க, நான், தொடர் படிச்சவங்க யார் கண்ணுலயும் படல, பிரிண்ட் காப்பி வாங்கின ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் பிடிச்சாங்க. இ-புக்ல சக்கிமுக்கிக் கல்லா மாத்திட்டேன். மிச்சம் இருக்கிற 17 காப்பில பேனாவால அடிச்சுத் திருத்தித்தான் அனுப்பறேன், அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.